வேலியில் நின்ற சந்தனம்

காலை நடைக்கு வரும் நம் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். உங்களுக்கும் அவரைத் தெரியும். சர்க்கரைக்காக நடக்க வருபவர், நடப்பதைவிட நின்று பேசுவது அதிகம். போன மாதம் மைதானத்து வேப்ப மரத்தடியில் எங்களை நிறுத்தி, ஒரு செடி ஓரிடத்தில் வளர்வதையும் இன்னோரிடத்தில் வளராததையும் எது தீர்மானிக்கிறது என்று விளக்கினார். வெயில், மழை, மண், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், விதையைக் கொண்டுபோகும் பறவை, கன்றைக் கடிக்கும் ஆடு, முந்திக்கொண்டு இடம் பிடிக்கும் வேறு செடி. விலங்குகளுக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தானாம்.

பட்டியலில் அரசாங்கம் இல்லை. நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். மனுவில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்புவது என் தொழிலாக இருந்தது. அன்று எதையும் சுட்டிக்காட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பொறுமை உண்டு. வேறு வேலையும் இல்லை.

எங்கள் ஊர் தருமபுரிப் பக்கத்து இண்டூருக்கு மேற்கே, ஒரு கரட்டை ஒட்டி இருக்கிறது. கரடு என்றால் மலை என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெறாத குன்று. பாறையும் முள்ளும்தான். அதன் அடிவாரத்தில் காட்டிலாகாவின் எல்லைக் கல் நிற்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் சந்தன மரம் இருந்தது. இந்தப் பக்கம் எங்கள் நிலம். அதில் சந்தனம் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே செம்மண், ஒரே மழை.

அந்தக் காலத்துச் சட்டப்படி சந்தன மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அரசாங்கத்துக்குச் சொந்தம். நிலத்துக்காரனுக்கு உரிமை கிடையாது, பொறுப்பு உண்டு. மரம் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். வந்து அளந்து எண் அடித்துப் பதிந்துகொள்வார்கள். அதன் பிறகு ஒரு கிளை ஒடிந்தாலும் அவன் பதில் சொல்ல வேண்டும். வெட்டினால் குற்றம். வேறு யாராவது வெட்டிக்கொண்டு போனால், தான் வெட்டவில்லை என்று காட்ட வேண்டியவனும் அவன்தான். பிற்பாடு நான் எத்தனையோ விதிகளைப் படித்து, சிலவற்றை மனப்பாடமாகவும் வைத்திருந்தேன். ஒரு மரத்தை ஊருக்குள் வராமல் செய்ய இதைவிடச் சுருக்கமான விதி கண்ணில் பட்டதில்லை.

ஆகவே நாங்கள் பிடுங்கினோம். மழை பெய்து சில வாரங்கள் கழித்து, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வேலி நெடுகக் குனிந்தபடி நடப்பாள். கரட்டில் சந்தனப் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி எங்கள் கிளுவை வேலியில் வந்து உட்காரும், எச்சமிடும். அதனால் கொல்லைக்கு நடுவில் ஒரு கன்றுகூட முளைக்காது, முளைப்பதெல்லாம் வேலியோரம்தான். சந்தன வேருக்குத் தனியாகப் பிழைக்கத் தெரியாது. பக்கத்துச் செடியின் வேரைக் கவ்விக்கொண்டு அதிலிருந்துதான் குடிக்கும். எங்கள் வேலியில் கிளுவை இருந்தது, ஓரத்தில் துவரை இருந்தது, ஆடு வாய் வைக்க முடியாதபடி முள் இருந்தது. எல்லாம் கூடி வந்த இடத்தில் அம்மாவின் கை ஒன்றுதான் எதிராக இருந்தது.

அம்மா அதற்கு வைத்த பெயர் வில்லங்கச் செடி. இரண்டிரண்டாக இலை விட்ட, மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு சாதுவான கன்று. நான் பிடுங்கியதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வேரைப் பார்ப்பாள்.

"முழுசா வந்துச்சா பாரு. பாதி நின்னுச்சுன்னா மறுபடி துளுக்கும். துளுத்தா ஜெயிலு."

வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் பாகம். சித்தப்பா அப்பாவுக்கு இளையவர், கல்யாணம் ஆகாதவர். தன் பாகத்தில் ஒரு கூரைக் குடிசை போட்டு இருந்தார். சாப்பாடு எங்கள் வீட்டில், நீல விளிம்பு வைத்த ஒரு பீங்கான் தட்டில். எரியாத டைனமோ விளக்கு வைத்த சைக்கிள் ஒன்று அவருக்கு இருந்தது. எரியாவிட்டாலும் விளக்கை மட்டும் தினமும் துடைப்பார். நாங்கள் கன்று பிடுங்கும்போது வேலிமேல் கை ஊன்றி வேடிக்கை பார்ப்பார்.

"அண்ணி, இப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சு எத்தன நாளைக்குப் புடுங்குவீங்க? அந்தக் குருவிக்கு ஒரு நோட்டீசு அனுப்புங்க. எல்ல தாண்டி வந்து பேளக் கூடாதுன்னு."

"நீயே கொண்டுபோய்க் குடு. ஊர்லயே வேலவெட்டி இல்லாதவன் நீதான்" என்பாள் அம்மா.

இத்தனை கண்காணிப்பிலும் ஒரு மரம் தப்பியிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே தப்பியது. தாத்தா காலத்தில் யாரோ ஒரு வருடம் குனியச் சோம்பல்பட்டிருக்க வேண்டும். கையால் பிடுங்கும் பருவத்தில் யார் கண்ணிலும் படவில்லை. பட்டபோது அது கோடாலி கேட்கும் பருவம். கோடாலி குற்றம். தெரிவிக்கலாம் என்றால், இத்தனை வருடம் ஏன் தெரிவிக்கவில்லை என்ற கேள்வி வரும். எங்கள் அலுவலகங்களில் இப்படிப்பட்ட கோப்புகள் உண்டு. அவற்றை யாரும் திறக்க மாட்டார்கள், தூக்கிப் போடவும் மாட்டார்கள். அந்த மரமும் அப்படியே நின்றது, வேலிக்குள், என் இரண்டு கையும் சேராத பருமனில்.

அதன்மேல் கோவைக் கொடியும் பிரண்டையும் ஏறி மூடியிருந்தன. கோவைக் கொடிக்கு அப்பா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். அவர் வேறு எந்தக் கொடிக்கும் ஊற்றியதில்லை. வாசனை காட்டிக் கொடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நிற்கும் சந்தன மரத்துக்கு வாசனை கிடையாது. இலையைக் கசக்கினாலும் ஒன்றும் வராது. உள்ளே இருப்பது வெட்டினால்தான் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஐப்பசி மழை வரவில்லை. அடுத்த சித்திரையும் பொய்த்தது. எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கரட்டுக் கவுதாரிகள் பட்டப்பகலில் இறங்கி வந்து எங்கள் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்தன. குரங்குகள் பள்ளிக்கூடத்து ஓட்டின்மேல் குடியேறி, மதியச் சாப்பாட்டு மணிக்கு எங்களோடு சேர்ந்து காத்திருந்தன. ஏரிக்குக் கொக்கு வரவில்லை, ஏரி இருந்தால்தானே. சேற்றைத் தோண்டிக் கெளுத்தி எடுத்தார்கள், பிறகு சேறும் வெடித்தது. அடுப்படியில் பானைக்கு அடியில் தேரை, தேரைக்குப் பின்னால் பாம்பு. அம்மா பாம்பை அடிக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டு நின்றாள். அதற்கும் போக இடமில்லை என்று அவள் சொன்னதாக நினைவு. நானே பின்னால் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

கோவைக் கொடி காய்ந்து கயிறாகத் தொங்கியது. ஒரு நாள் மாடு அதையும் இழுத்துத் தின்றுவிட்டது. கிளுவையில் ஒரு இலை இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறம், நடுவில் அந்த ஒரு மரம் பச்சையாக நின்றது. அக்கம்பக்கத்து வேர்களில் குடித்துக்கொண்டிருந்தது அல்லவா, அதனால் வாடவில்லை.

காட்டிலாகா கார்டு கரட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் கூழ் குடிப்பது வழக்கம். அன்றும் குடித்துக்கொண்டிருந்தார். செம்பு வாய்க்குப் பாதி வழியில் நின்றது. இது எத்தனை வருடமாக நிற்கிறது என்று கேட்டார். அப்பா, வேலியோரம் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். யாருடைய மரம் என்று கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் அப்பாவும் சித்தப்பாவும் அதே வேலியில் ஒரு சாண் இடத்துக்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். சித்தப்பா ஒரு கிளுவைக் கொம்பை வெட்டிவிட்டார் என்று அப்பா ஊரைக் கூட்டினார். இப்போது அப்பா செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, வேலி முழுக்கத் தம்பியுடையது என்றார்.

"ஏண்ணா, போன வருசம் ஒரு கொம்ப ஒடிச்சதுக்கு எங்கூட்டு வேலின்னு கத்துன. இப்ப மொத்தமா எனக்கே குடுத்துட்டியா? தாராளந்தான்."

"டேய், மரம் உம் பக்கம் சாஞ்சிருக்குது. கண்ணு தெரியலயா?"

"சாஞ்சிருந்தா? நெழலு சாயங்காலம் உங்கூட்டு மேலதான் வுழுது. அப்ப சாயங்காலத்துல உன் மரமா?"

கார்டு சிரித்துவிட்டார். ஒரு அடி நிலத்தை எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று சண்டை போடும் அண்ணன் தம்பியைத் தன் சர்வீசில் முதல் தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் ரேஞ்சர் வந்து மரத்துக்கு எண் போடுவார், அதற்குள் உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அவருக்கு அதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. மரம் எங்கள் பக்கம். எல்லாருக்கும் தெரியும். தாத்தா இருந்தபோதே அளந்து, உட்பிரிவு செய்து, கல் நட்டிருந்தார்கள். கல் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. நான் அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடியவள்.

ரேஞ்சர் வருவதற்கு முன் மரம் போய்விட்டது. மழை வேண்டி மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க ஊரே பகலில் கோயிலுக்குப் போயிருந்தது. திரும்பி வரும்போது வண்டிப்பாதைத் திருப்பத்திலேயே அந்த வாசனை வந்துவிட்டது. யார் வீட்டிலோ பூசை என்றாள் அம்மா. பிறகு வேகமாக நடந்தாள்.

அடிமரம் இல்லை. வேரையும் விடாமல் தோண்டியிருந்தார்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி. கிளைகள் மட்டும் இலையோடு கிடந்தன. குழியைச் சுற்றி வெளிர்மஞ்சளாக மரத்தூள். அவ்வளவு வாசனையை நான் அதற்கு முன்னும் பின்னும் முகர்ந்ததில்லை. அம்மா சாணியைக் கரைத்து ஊற்றினாள், சாம்பலைக் கொட்டினாள். பத்து நாளைக்கு எங்கள் வீடு கல்யாண வீடுபோல மணத்தது. வெட்டியவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. பணியில் சேர்ந்த பிறகு அந்தக் கோப்பு எங்கே என்று ஒருவரிடம் விசாரித்தேன். வைப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டதாம். முறைப்படிதான்.

அன்று சாயங்காலம் சித்தப்பா சாப்பிட வரவில்லை, குழியருகே நின்றுகொண்டிருந்தார். அப்பா களியைப் பிசைந்தபடி, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அவங்களுக்கு ஒரு பேரு வேணும். எழுதிக்கிட்டுப் போயிடுவாங்க. அவனுக்கென்னா, குடும்பமா குட்டியா? ரெண்டு நாளு உக்கார வெச்சு அனுப்பிடுவாங்க. என்னக் கூட்டிக்கிட்டுப் போனா இந்த வூடு என்னாவறது?"

அம்மா அவருக்கு இன்னொரு உருண்டை களி வைத்தாள். பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, உன்னக் கேட்டா சித்தப்பா பக்கம்னு சொல்லு."

கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு கணக்கு. அரசாங்கத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிலவரிக் கிஸ்தி கட்டும் இடத்தில் பார்த்ததுதான். அங்கே பெயரை எழுதிக்கொண்டால் அனுப்பிவிடுவார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். மறுநாள் காலையில் தாத்தா நட்ட கல் இருந்த இடத்தில் இல்லை. புதுமண் மட்டும் இருந்தது.

ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு அட்டையை வைத்து எழுதினார். அப்பா, தம்பியின் மரம் என்றார். சித்தப்பா, அண்ணனின் மரம் என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கல் எங்கே என்று கேட்டதற்கு அப்பா, கல்லே நட்டதில்லை என்றார். சித்தப்பா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

நிலத்தின் வரைபடம் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது, அரை மைல் தூரத்தில். கொண்டு வரச் சொல்லி, சங்கிலி பிடித்து அளந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அதுதான் நடைமுறை. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார்.

எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

"அப்ப சொல்லு. மரம் யாரு பக்கம் இருந்துச்சு?"

சித்தப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிரச்சினை முடிந்தது என்பதுபோல.

"சித்தப்பா பக்கம்ங்க."

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. அவர் அதை எடுக்க மறந்ததுபோலக் கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது. ரேஞ்சர் எழுதாமல் என்னையே பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா. கல்லு ஒண்ணு இருந்துச்சா? எங்க இருந்துச்சு?"

அதற்குப் பதில் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. அப்பா தரையைப் பார்த்தார். ரேஞ்சர் மறுபடியும் கேட்டார்.

"புள்ளய வுடுங்க சார்" என்றார் சித்தப்பா. "எம் பக்கந்தான்."

அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்முன் கூரைக்குப் போய்ப் படலைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டு வந்தார். சைக்கிளை மழையில் விட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். மழை பெய்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் பதினோரு நாள் ஆயிற்று. அப்பா மூன்று தடவை தருமபுரிக்குப் போய் வந்தார். எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கவில்லை. வீட்டைத் தாண்டித் தன் கூரைக்குப் போனார். அம்மா அவருடைய தட்டில் சோறு போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினாள். படல் திறந்திருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வெச்சுட்டுப் போ பாப்பா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு ஏதாவது முடிந்திருக்கும். தட்டை வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் காலையும் மாலையும் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் கூரையில் ஆள் இல்லை. சைக்கிளும் இல்லை. தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

வேலைக்குப் போயிருப்பான், மழை பெய்தால் வந்துவிடுவான் என்றார் அப்பா. மழை பெய்தது. நன்றாகவே பெய்தது. கவுதாரி கரட்டுக்குப் போயிற்று, கொக்கு ஏரிக்கு வந்தது, குரங்குகள் பள்ளிக்கூடத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போயின. சித்தப்பா வரவில்லை. அவர் பாகம் சும்மா கிடக்கக் கூடாது என்று அப்பா அதையும் சேர்த்து உழுதார். இடையில் வேலி எதற்கு என்று அடுத்த கோடையில் கிளுவையை வெட்டி எரித்தார். அதன் பிறகு எங்கள் நிலத்தில் ஒரு சந்தனக் கன்றுகூட முளைக்கவில்லை. குருவிக்கு உட்கார இடமில்லை, கன்றுக்குக் கவ்விக்கொள்ள வேர் இல்லை. இரண்டு மூன்று மழைக்கு அம்மா பழக்கத்தில் அந்த வரப்பில் குனிந்தபடி நடந்து பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

நான் படித்தேன், தேர்வு எழுதினேன், வட்டாட்சியர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, பழைய நில வரைபடமெல்லாம் உங்கள் ஆபீசில் இருக்குமா என்று அப்பா கேட்டார். இருக்கும் என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் சாகும்வரை அந்த விஷயத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

வரைபடத்தை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கிணற்று மேட்டிலிருந்து மரம் எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரியும். மரம் நின்றது எங்கள் பக்கத்தில், ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவு உள்ளே. வரைபடம் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை, முத்திரையோடு சொன்னது.

சித்தப்பா கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். ஆளைத் தேடுவதற்கு வழிகள் உண்டு, எனக்குத் தெரியும். முகவரி தெரியாதவருக்கு அறிவிப்புக் கொடுக்கவும் நடைமுறை உண்டு: கடைசியாக வசித்த வீட்டுக் கதவில் ஒட்டினால் போதும். அந்த வீட்டுக்குக் கதவு இருந்ததில்லை. படலும் எப்போதோ கரையான் பிடித்துப் போயிற்று. நான் தேடவில்லை. எத்தனையோ பேருடைய எல்லைத் தகராறுகளை விசாரித்து உத்தரவு எழுதினேன். சிறு பிள்ளைகளைச் சாட்சியாக வைத்துக்கொண்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விதியிலேயே அதற்கு இடம் குறைவு.

போன வருடம் ஒரு தொலைபேசி வந்தது. சித்தப்பாவின் மகன். அப்பா இறந்துவிட்டார், அவர் பேரில் உள்ள பாகத்தை எங்கள் பேருக்கு மாற்ற வேண்டும் என்றான். நேரில் வந்தபோது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா நகல் எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தான். குறை கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஐம்பது வயதுக்காரன், கொஞ்சம் கன்னட வாடை அடிக்கும் தமிழ், மூச்சுக்கு ஒரு அக்கா. நான் ஒரே மகள். அப்பா பாகம் என் பேரில். எல்லை காட்டச் சொல்லி மனு கொடுத்தோம், சர்வேயர் கருவியோடு வந்தார். வேலி போன பிறகு இரண்டு பாகமும் ஒரே வயலாகத்தான் கிடந்தது. அவர் மூலைக்கு மூலை நடந்துகொண்டிருக்க, நாங்கள் இருவரும் நிழலில்லாத வரப்பில் நின்றோம்.

என்ன பயிர் வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். சந்தனம் என்றான். சட்டம் மாறிவிட்டது, இப்போது பதிவு செய்துவிட்டு யாரும் வளர்க்கலாம், நர்சரியில் ஒரே பையில் துவரையும் சேர்த்து வளர்த்துத் தருகிறார்கள் என்றெல்லாம் செல்போனில் படம் காட்டி எனக்கு விளக்கினான்.

"மண்ணுதான் ஒத்துக்குமோ என்னமோ தெரியலக்கா."

"ஒத்துக்கும். அந்த மரம் எவ்வளவு பெருசா வந்துச்சு" என்றேன்.

"எந்த மரம்க்கா?"

நான் அவனைப் பார்த்தேன். தெரியாததுபோல நடிக்கிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். நடிக்கவில்லை. உங்கள் அப்பா ஏன் ஊரை விட்டு வந்தார் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"தண்ணிக்கா. இந்த ஊர்த் தண்ணி பல்லக் கெடுக்கும், எலும்பக் கெடுக்கும், பொறக்கற புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு வந்துட்டாராம். நாங்க எத்தன தடவ கேட்டாலும் அதேதான் சொல்வாரு. ஊருக்குப் போலாம்ப்பான்னா, அந்தத் தண்ணியக் குடிக்க முடியாதுப்பான்னுவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வெள்ளையான, ஒழுங்கான பற்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த நம் வயதுக்காரர்களின் பல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, காரணம் உண்மையானது. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று மருத்துவர்கள் பிற்பாடு சொன்னதும் அதுதான். யாரும் மேல்முறையீடு செய்யவில்லை, யாருக்கும் பாதிப்பு இல்லை. கோப்பை அப்படியே மூடிவிடலாம். வேறு யாருடைய கோப்பாக இருந்தாலும் மூடியிருப்பேன்.

"தண்ணி இல்ல தம்பி" என்றேன்.

நான்கைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். மரம் எங்கள் பக்கம் நின்றது. யாரோ வெட்டினார்கள். ரேஞ்சர் என்னைக் கேட்டார். உன் அப்பா பக்கம் என்று நான் சொன்னேன். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். அலுவலகக் குறிப்புபோலத்தான் வந்தது. எனக்கு வேறு விதமாகப் பேசவும் தெரியாது.

அவன் செல்போனைச் சட்டைப் பையில் வைத்தான். வயலைப் பார்த்தான்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசுக்கா?"

"பத்து."

இந்த இடத்தில் மனிதர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. சின்னப் பிள்ளை, உங்களுக்கு என்ன தெரியும். அதற்காக நான் காத்திருந்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் உதடு அசைந்தது. ஏதோ கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது.

"அப்பாவுக்கு இருவத்திரெண்டு" என்றான்.

மூலையிலிருந்து சர்வேயர் கூப்பிட்டார். அவன் போனான்.